ஒடியாத காய்கள்

பாலைக் காய்ச்சினேன். அரிசியைக் களைந்து வைத்தேன். பாப்பாவை எழுப்பி, பல் தேய்க்க வைத்து, இரண்டு சடை போட்டேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. வெண்டைக்காயை நறுக்கினேன். கத்தி கறகறவென்றது.

முந்தின நாள் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், பாப்பாவின் நேற்றைய டிபன் பாக்ஸைத் திறந்தார். மென்று துப்பிய நாரை விரலால் தள்ளினார்.

“பிள்ளைக்கு தினமும் இதுதானா மாப்பிள்ளை?”

“வெண்டைக்காய்தான் வேணுங்கிறா அத்தை.”

“வேணுங்கிறா, துப்புறா. கழுத்தெலும்பு தெரியுது பாருங்க. ஞாயித்துக்கிழமை போறப்ப அவளையும் கூட்டிட்டுப் போறேன். பள்ளிக்கூடம் அங்கயும் இருக்கு.”

நறுக்கியதை வாணலியில் கொட்டினேன். என் மனைவி இறந்த பிறகு இந்த வீட்டில் கேட்கிற சத்தம் பாப்பாவுடையது மட்டும்தான்.

நான் ஏனோதானோவென்று வாங்குகிறவன் இல்லை. கடை திறந்ததும் போகிறேன். ஒவ்வொரு காயாகப் பார்க்கிறேன். அப்படியும் நார். கடையை மாற்றினேன், நார். எண்ணெயைக் கூட்டினேன், நார். குக்கரில்கூட வைத்துப் பார்த்தேன். கூழுக்குள் நார்.

பாப்பாவை வேனில் ஏற்றிவிட்டு இருவரும் காய்கறிக் கடைக்குப் போனோம்.

“எப்பவும் எடுக்கிற மாதிரி எடுங்க, நான் பாக்கிறேன்” என்றார், பரீட்சை ஹாலில் நிற்கிறவர் மாதிரி.

ஒரு காயின் நுனியை அழுத்தினேன். பட்டென்று ஒடிந்தது. ஒதுக்கினேன். அடுத்தது வளைந்தது, ஒடியவில்லை. கூடையில் போட்டேன்.

“சார் வந்துட்டாரு” என்றார் கடைக்காரர். “இனி என் சரக்கு பூரா வாலறுந்த பல்லிதான்.”

மாமியார் என் கையைப் பிடித்தார்.

“என்ன பண்றீங்க?”

“ஒடியாததா எடுக்கிறேன். வளையறதுதானே இளசு?”

“ஐயையோ! ஒடியிறதுதான் பிஞ்சு. வளையறது முத்தல். நல்லதையெல்லாம் ஊருக்கு விட்டுட்டு, மாடு திங்கிறதைப் பொறுக்கிட்டுப் போயிருக்கீங்களே!”

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடையைக் கவிழ்த்தேன். இத்தனை மாதம், ஒவ்வொரு காயாக, பார்த்துப் பார்த்து. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“யாரு சொல்லிக் கொடுத்தது இப்படி?”

“உங்க பொண்ணுதான்.”

“அவளா? கண்ணை மூடிட்டே நல்ல காயா எடுப்பா அவ. இப்படிச் சொல்லியிருக்கவே மாட்டா.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி போன்ல சொன்னா. பாப்பாவுக்குச் சமைக்கணும்னு நான் கடையில நின்னுட்டிருந்தேன்.”

மாமியார் நான் ஒதுக்கிய காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார்.

“நான் உங்களைச் சோம்பேறின்னு நெனச்சுட்டேன்” என்றார். “இந்தத் தடவை தனியாவே ஊருக்குப் போறேன். பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும். அவ என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க.”

அப்படியே சொன்னேன்.

“வெண்டைக்காய் வாங்கிறப்ப நுனிய ஒடிச்சுப் பாருங்க. ஒடிஞ்சா... இருங்க, நர்ஸ் கூப்பிடுறாங்க. வந்து சொல்றேன்.”