சத்தம் போடாத டீச்சர்

அக்காவை வலது பக்கமாகத் திருப்ப அவன் அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்தபோது வாசல் மணி அடித்தது.

"திறக்காதடா," என்றாள் அக்கா.

"தெருவே நமக்கு ஆக்கிப் போடுது. எப்படித் திறக்காம இருக்கிறது?"

அக்கா கணக்கு டீச்சர். பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு கட்டிலாகிவிட்டாள். தம்பி வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவன். அவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு மெல்ல நழுவிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பங்குச்சாமியார் பிரசங்கத்தில், "நம் பங்கிலேயே ஒரு புனிதை முணுமுணுக்காமல் படுத்திருக்கிறாள்" என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. படி முழுக்கச் செருப்புகள்.

ஜெபக்குழுத் தலைவி உள்ளே வந்தாள். கூட வந்த அம்மாள் கட்டிலருகே முட்டி போட்டு, "டீச்சர், என் மகளுக்குக் கரு தங்கல. இன்னைக்கு உங்க வலியை அவளுக்காக ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுங்க," என்று அழுதாள்.

அக்கா சிரித்துத் தலையாட்டினாள். வாசலில் ஆள் நிழல் விழுந்தாலே வந்துவிடும் சிரிப்பு அது.

"புனித லாரன்சை நெருப்புல வாட்டினப்போ, இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுன்னு சிரிச்சாராமே, அந்த மனசு உங்களுக்கு," என்றாள் தலைவி.

அவர்கள் போனதும் அவன் கதவைச் சாத்தினான்.

"அவராவது திருப்பிப் போடுன்னு வாய்விட்டுக் கேட்டார்," என்றாள் அக்கா. "எனக்கு அதுக்கும் வழியில்ல. சீக்கிரம் திருப்புடா."

திருப்பினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"எனக்குக் கத்தணும்டா."

"கத்து."

"பக்கத்து வீட்டுல கேக்கும். பாவம், என்னை நம்பிக்கிட்டு இருக்காங்க."

"ஏன், நீ சாமியை நம்பலயா?"

"நம்புறதாலதான் கத்தணும். அவர்கிட்ட கத்தாம வேற யார்கிட்ட கத்துறது?"

அவன் வேலைப் பையை இழுத்துத் திறந்தான். துளை போடும் மெஷினை எடுத்து, பிளக்கைச் செருகி, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் வைத்து அழுத்தினான். வீடே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் அக்கா கத்தினாள். முதலில் அம்மாவை. அப்புறம் கடவுளை, நீ வா போ என்று. அதற்கும் பிறகு வந்ததெல்லாம், எந்தப் பிள்ளை சொல்லியிருந்தாலும் அவள் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கக்கூடிய வார்த்தைகள். சிமென்ட் தூசி இருவர் தலையிலும் கொட்டியது. அவள் ஓயும் வரை அவன் கையை எடுக்கவில்லை.

நிறுத்தியபோது அவள் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இது வேறு சிரிப்பு.

"இன்னொரு ஓட்டை போடுவியா?"

"செவுரு தாங்காது."

"அப்ப நாளைக்கு," என்று கண்ணை மூடினாள்.

மத்தியானம் மருந்து கொடுக்க எழுப்பினான். உடம்பு குளிர்ந்திருந்தது.

அடக்கம் முடிந்து கூட்டம் அப்படியே வீட்டுக்கு வந்தது. ஜெபக்குழுத் தலைவி எல்லோர் முன்னாலும் கேட்டாள். "கடைசியா டீச்சர் என்ன சொன்னாங்க தம்பி?"

எல்லோரும் கட்டில் பக்கமாக நெருங்கினார்கள்.

"கத்தினா," என்றான் அவன். "ரொம்ப நேரம் கத்தினா."

தலைவியின் கண் கலங்கியது. கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஆண்டவரைச் சத்தமாக் கூப்பிட்டிருக்காங்க," என்றாள்.

"இல்லம்மா. வலியில... திட்டினா."

அவள் அவன் கையைத் தடவிக்கொடுத்தாள். "எத்தனை நாள் தூக்கமில்லாம இருக்கீங்களோ. முதல்ல உக்காருங்க தம்பி."

அவன் காலிக் கட்டிலில் உட்கார்ந்தான். மகளுக்காக அழுத அந்த அம்மாள் கத்திரிக்கோலோடு தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "டீச்சர் படுத்த விரிப்புல ஒரு துண்டு... என் பொண்ணு வயித்துல வைக்க."

அவன் அந்த முகத்தையே பார்த்தான். அக்கா இருந்திருந்தாலும் இந்த முகத்துக்கு மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

விரிப்பை மடியில் இழுத்துப் போட்டு ஓரத்தில் வெட்டிக் கொடுத்தான். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிப் படியில் இறங்கியது. வெளுத்த ஓரங்கள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் புண்ணும் மருந்தும் பழுப்பேற்றிய பாகத்தை மட்டும் அவன் முழங்கையால் அழுத்திக்கொண்டு, அடுத்த துண்டை வெட்டினான்.