மருந்து கெடக்கு

பாலம்மாள் தீப்பெட்டியைப் "பெட்டி" என்றுதான் சொல்வாள். தீபாவளி அவளுக்கு "அந்தப் பண்டிகை". அடுப்பு பற்றிக்கொண்டால் "வந்திருச்சு" என்பாள். பசுவந்தனையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவாள். காரணத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில், குச்சிக்கு மருந்து முக்குகிற பட்டறையில் வேலை பார்த்தாள். அந்தப் பட்டறைக்குள் தீ என்ற சொல் கூடாது. பற்றிக்கொண்டால், மருந்து சீறும், மருந்து கோவிக்கும், அவ்வளவுதான். வாய் தவறிச் சொன்னவளை மேஸ்திரி வெயிலுகந்தம்மாள் வெளியே விரட்டிவிடுவாள். மூன்று தரம் வாய் கொப்பளித்த பிறகுதான் உள்ளே வரலாம்.

ஒரு நாள் மத்தியானம் பாலம்மாள் விளையாட்டுக்கு, "ஏட்டி, ஒஞ் சேலைல தீ!" என்று பக்கத்தில் இருந்த இசக்கிசெல்வியிடம் சொன்னாள். அவள் துள்ளி எழுந்து சேலையை உதற, ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மேஸ்திரி காதில் விழவில்லை. வாயும் கொப்பளிக்கவில்லை. மறுநாள் காலையில் பட்டறை எரிந்தது. பாலம்மாள் அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டுப் பிந்திப் போனாள். இசக்கிசெல்வி நேரத்துக்குப் போயிருந்தாள்.

தான் கூப்பிட்டுத்தான் அது வந்தது என்று பாலம்மாள் நம்பினாள். படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், செத்தது அவர்கள் சிநேகிதி இல்லையே.

அப்படிப்பட்டவள் எரிக்கிற கம்பெனிக்கே வேலைக்குப் போனாளே என்றால், ஊரில் வேறு வேலை என்ன கொட்டியா கிடக்கிறது? கடம்பூர் ரோட்டில், ஒரு நூல் மில்லுக்குக் கரண்ட் எடுக்கக் கட்டிய கம்பெனி அது. தூத்துக்குடியில் இறங்கும் நிலக்கரியோடு ஐந்துக்கு ஒரு பங்கு மரக்கழிவைக் கலந்து எரிக்கிறார்கள். சீமைக்கருவேல முள், மரமில் தூள், தீக்குச்சி வெட்டிய மிச்சம், எல்லாம் வரும். அது பெல்ட்டில் ஏறி, அரவை மிஷினில் பொடியாகி, அப்புறம் கரியோடு சேரும். பெல்ட்டில் ஏறுமுன் கல், ஆணி, பாலித்தீன் பொறுக்குவது பாலம்மாள் வேலை. மிஷின் வாயில் நின்று கம்பியால் தள்ளிவிடுவது சுடலைமணி. அவளுடைய ஊர்க்காரன், ஆடு மேய்க்கிற குடும்பம், ரெண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். மிஷின் இரைச்சலுக்காகக் காதில் அடைப்பானை மாட்டிவிட்டால் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

புதன்கிழமை காலையில் குச்சிக் கழிவு ஒரு லாரி வந்தது. எப்போதும் வெள்ளைக் குச்சிதான் வரும். பாலம்மாள் ஐந்தாவது சாக்கில் கை விட்டாள். விரல் நுனி செம்பழுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தாள். இருபது வருஷமானால் என்ன, மூக்கு மறக்குமா? தள்ளுபடியான தீக்குச்சிகளின் தலையும் பொடியுமாக அரைச் சாக்கு இருந்தது. எவனோ கூட்டி அள்ளும்போது சாக்கு மாறிவிட்டது.

"மேடம், இதுல மருந்து கெடக்கு" என்று கூப்பிட்டாள்.

சுவிட்சுப் பலகை முன்னால் நின்ற ஷிப்ட் இன்ஜினியர் ரேணுகாதேவி ஈரோட்டுப் பக்கம். வேலைக்கு வந்து மூன்று மாதம். மஞ்சள் விளைகிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மருந்து என்றால் பூச்சிக்கு அடிப்பது, மிஞ்சிப்போனால் மரத்தில் கரையானுக்கு அடிப்பது. எதெதை எரிக்கலாம் என்று அவள் கையிலிருந்த தாளில் மருந்தடித்த மரத்துக்கென்றே ஒரு வரி இருந்தது.

"மருந்தடிச்ச மரம் கொஞ்சம் கலந்தா பரவால்லீங்க்கா. எரிஞ்சா போயிரும். ஏத்தச் சொல்லுங்க."

எரிஞ்சா போயிருமாம்! படித்த பிள்ளை இத்தனை தைரியமாகச் சொல்கிறதே, மிஷினில் ஏதும் ஏற்பாடு இருக்குமோ என்று பாலம்மாள் ஒரு நிமிஷம் தன்னையே சந்தேகப்பட்டாள். மனசு கேட்கவில்லை.

"இல்ல மேடம், இது சீறும்."

ரேணுகாதேவி ரெண்டடி பின்னால் குதித்தாள். "பாம்புங்களா? எங்கீங்க்கா?"

"பாம்பு இல்ல. மருந்துதான். மிஷின்ல அடிபட்டா கோவிச்சுக்கிடும்."

ரேணுகாதேவி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். பாவம், வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள். "நெழல்ல உக்காந்து தண்ணி குடிங்க்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். மூட்டை தூக்குகிற ரெண்டு ஒடிசாக்காரர்களும், சீறுவதும் தெரியாமல் கோவிப்பதும் தெரியாமல், சாக்கைத் தூக்கிப் பெல்ட்டில் கவிழ்த்தார்கள். பெல்ட் நகர்ந்தது.

அந்தக் கோடியில் சுடலைமணி கம்பியோடு குனிந்து நின்றான். சுற்றிலும் மரப்பொடி, பக்கத்தில் கரித்தூள். பாலம்மாளுக்கு அந்தச் சொல் வாய்வரை வந்து நின்றது. சொன்னால் வந்துவிடும். அன்றைக்கு அப்படித்தான் வந்தது. சொல்லாவிட்டால் இதோ வரப்போகிறது. செம்பழுப்புக் குவியல் மிஷின் வாயை நெருங்கிவிட்டது.

"தீ!" என்று கத்தினாள். "தீ! தீ! தீ!"

ரேணுகாதேவியின் கை தானாகச் சிவப்புப் பொத்தானில் அடித்தது. எல்லாம் நின்றது. ஒடிசாக்காரர்கள் மணல் வாளியோடு ஓடிவந்தார்கள். அந்தச் சொல் மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுடலைமணி காதடைப்பானைக் கழற்றிக்கொண்டு, "எங்கன? என்ன?" என்று முழித்தான். எங்கேயும் புகை இல்லை.

"எங்கக்கா தீ? சும்மா மிஷின நிறுத்த வெச்சுட்டீங்களே!" என்றாள் ரேணுகாதேவி.

பாலம்மாள் காலிச் சாக்கை இழுத்தாள். சாக்கில் ஒட்டியிருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து, எட்டக் கிடந்த கருங்கல்லில் வைத்தாள். சுடலைமணி கையிலிருந்த கம்பியை வாங்கி ஓங்கி ஒரு அடி. படார் என்று வெடித்து, தீக்குச்சி வாடை அடித்தது.

ரேணுகாதேவி கல்லைப் பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள், மிஷின் வாயைப் பார்த்தாள். குவியலுக்கும் அந்த வாய்க்கும் நடுவே ஒரு கை நீளம்கூட மிச்சமில்லை.

"இதத்தான் மருந்துன்னீங்களா?"

"நாங்க மருந்துன்னுதான் சொல்லுவோம், மேடம்."

"எனக்குத் தெரியாமப் போச்சுங்க்கா" என்றவள், இன்ஜினியர் என்பதையும் மறந்து பாலம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாலம்மாளுக்கு அதோடு முடியவில்லை. சொல்லியாயிற்று, வாயும் கொப்பளிக்கவில்லை. அன்றைக்குக்கூட மறுநாள்தானே வந்தது? வேலை முடியும்வரை சுடலைமணியையே சுற்றிச் சுற்றி வந்தாள். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போய் கேட்டில் நின்றாள். அவன் ஏப்பம் விட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தான். சாயங்காலம் அதே ஏப்பத்தோடு வெளியே வந்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடம்பூரில் அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது சைக்கிளை நிறுத்தி, சூடாக ஒரு போளியை அவள் கையில் வைத்தான்.

"எக்கா, நேத்து என்ன சொல்லிக் கத்துனீக? எனக்குக் காதுல விழல."

"தீன்னு சொன்னேம்லே."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கூப்பிட்டால் வருகிறதாயிருந்தால் வந்திருக்க வேண்டாமா? அப்படியானால் இசக்கிசெல்வியை அவள் கொல்லவில்லை. பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல், கையில் போளியோடு பாலம்மாள் ஓவென்று அழுதாள். சுடலைமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போளி நன்றாக இல்லையா என்று கேட்டான்.

பசுவந்தனையில் இறங்கி சிவனாண்டி கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, ஒரு தீப்பெட்டி குடுங்க."

எடுக்கப்போன கை நின்றது. "என்ன கேட்ட? பெட்டியா?" என்றார் சிவனாண்டி.

"தீப்பெட்டி" என்றாள் பாலம்மாள்.