ரேவதி முடியும் நேரம்

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி மறுபடியும் அவிழ்ந்துவிட்டது. வைத்திலிங்கம் குனிந்து மூன்றாவது தடவையாகக் கட்டினார். அவர் மனைவி சாமியம்மாளுக்கு இடது காலில் கட்டைவிரல் கிடையாது. போன வருஷம் சர்க்கரை நோயில் எடுத்துவிட்டார்கள். இல்லாத விரலோடு இருக்கிற விரலைச் சேர்த்துக் கட்டு என்றால் முடிச்சு எங்கே நிற்கும்? அதைச் சொன்னால் பக்கத்து வீட்டு வீரம்மாள் கேட்கிற ஆள் இல்லை.

"கணுக்காலோட சேத்துக் கட்டுண்ணே. கட்டாம வுடக்கூடாது."

கணுக்காலோடு சேர்த்துக் கட்டினார். நின்றது. சாமியம்மாள் பெஞ்சில் தெற்கே தலை வைத்துக் கிடந்தாள். தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. தீபாவளியிலிருந்து படுக்கையில் கிடந்த உடம்பு, பெஞ்சில் பாதி இடம்கூட அடைக்கவில்லை.

"நீ என்னைக் கூப்ட்டது பதினொண்ணேகாலு," என்றாள் வீரம்மாள். "உசுரு போனது எப்பண்ணே?"

"பத்து பத்தரை இருக்கும்."

"பத்தா, பத்தரையா?"

"எதுக்கு? ரிஜிஸ்டர்ல ஏத்தணுமா?"

அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டித் தாளைப் பார்த்தாள். கிட்டே போய் விரல் வைத்துப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

"ரேவதிண்ணே இன்னிக்கு. பத்து நாப்பதுக்கு அப்பறந்தான் அசுவினி."

அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் யார் செத்தாலும் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாசம் பூட்டிப் போட வேண்டும். உள்ளே யாரும் படுக்கக் கூடாது. பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்து எடுக்க வேண்டும். இதே வடக்குத்து ஊரில் போன வருஷம் ஒரு வீட்டில் அப்படி உடைத்தார்கள். அந்த ஓட்டையில் இன்னும் சாக்கு தொங்கிக்கொண்டு இருக்கிறது.

பத்து நிமிஷத்தில் தெருவெல்லாம் அதுதான் பேச்சு. பறை அடிக்க வந்தவர்கள் அடிக்காமல் நின்றார்கள். பாடை கட்ட மூங்கில் வெட்டியவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். மகன் மதிவாணன் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். முதல் ஷிப்டைப் பாதியில் விட்டு கரித்தூள் படிந்த சட்டையோடு வந்தவன், அம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பா முகத்தைப் பார்த்தான்.

"யப்பா, மணி என்னான்னு கரெக்டா சொல்லு. நீதான கூட இருந்த."

"கடியாரத்தப் பாத்துகினா குந்தியிருப்பாங்க?"

"ஏழு மாச புள்ளத்தாச்சிய நான் எங்க கூட்டிகினு போவேன்? அடைப்பு வூட்டு ஆளுன்னா எவன் வாடகைக்குக் குடுப்பான்? சும்மா நாளுலயே நம்ம ஆளுங்களுக்கு எவனும் குடுக்கறதில்ல."

அவன் மனைவி இசைப்பிரியா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். காலையில் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போனவள், சீட்டு இன்னும் கையில் இருந்தது. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தப் பக்கம் உடைப்பார்கள் என்பது போல.

வைத்திலிங்கத்துக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. அவர் பிறந்த நாள் அவருக்கே தெரியாது. எழுபத்தெட்டில் சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆனபோது டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், பல்லைப் பார்த்தார், ஒரு வருஷத்தைச் சொன்னார். கிளார்க் அந்த வருஷத்துக்கு முன்னால் ஜூலை ஒன்று என்று போட்டுக்கொண்டார். அந்தத் தேதிப்படிதான் ரிட்டயர் ஆனார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தார், வடக்குத்துக்கு வந்து ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டு அறை கட்டினார். மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்தான், அதுவே என் தலையெழுத்து ஆகிவிட்டது, இதில் கிரகம் எங்கே வந்தது என்பார். முப்பத்தாறு வருஷமாக அதையேதான் சொல்கிறார்.

சோமசுந்தரத்தைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

ஒரு மணிக்கு மொபெட்டில் வந்தார். வைத்திலிங்கத்தின் வயசுக்காரர், பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். நைட் ஷிப்டில் பம்ப் தன்பாட்டுக்குத் தண்ணீர் இறைக்கும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சாங்கம் படிப்பார். அப்படிப் படித்த சோசியம். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மணி சொல்லு வைத்தி."

"பதினொண்ணு."

"வீரம்மாகிட்ட பத்து பத்தரைன்னியாம்."

"அப்ப இந்தத் தோசம் கீசம் எனக்குத் தெரியாது. இப்ப பதினொண்ணு."

சோமசுந்தரம் சிரிக்கவில்லை. பையிலிருந்து இரண்டு பஞ்சாங்கங்களை எடுத்து மடியில் விரித்தார்.

"வாக்கியத்துல ரேவதி பத்து நாப்பது வரைக்கும். திருக்கணிதத்துல பத்து அஞ்சோட முடியுது."

"ரெண்டு கடியாரம் ரெண்டு மணி காட்டுனா ரெண்டும் ரிப்பேருய்யா."

"ஒண்ணு அந்தக் காலத்துல பாட்டாக் கட்டி வெச்ச கணக்கு. இன்னொண்ணு வானத்தப் பாத்துத் திருத்துனது. திருத்தலன்னா பழசுன்னுவ. திருத்துனா பொய்யின்னுவ."

"எல்லாமே பொய்யிதான். ராசாவுக்குச் சண்டைக்கு நாள் குறிச்சானுவ. பண்ணையாருக்குப் புள்ள பொறந்தா ஓலையில எழுதுனானுவ. எங்காத்தா நடவு நட்டுகினே வரப்புல என்னைப் பெத்துப் போட்டா. எவன் வந்து எழுதுனான்?"

"எவனும் எழுதல. அதுக்குத்தான் உன் வூட்டுக்காரம்மா என்கிட்ட வந்தாங்க."

அது நிஜம். இருபது வருஷத்துக்கு முந்தி, குவார்ட்டர்ஸில் இருந்தபோது, தெருக்குழாயில் நிற்கிற பெண்கள் எல்லோரும் அவரவர் ராசி, அவரவர் தசை என்று பேசுவார்கள். சாமியம்மாளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளும் கூலிக்காரி வயிற்றில் பிறந்தவள்தான். சோமசுந்தரம் நஷ்ட ஜாதகம் போடலாம் என்றார். பிறந்த நேரம் தெரியாதவர்களுக்கு, வாழ்க்கையில் நடந்தது ஒவ்வொன்றையும் கேட்டு, அதை வைத்துப் பின்னால் போய்ப் போய் நேரத்தைப் பிடிக்கிற வழி அது. ஏழு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தன் கதையைச் சொன்னாள். ஏழு கிழமை உட்கார்ந்து சொல்ல உனக்கு என்னடி நடந்துபோச்சு என்று வைத்திலிங்கம் கேலி செய்தார். என்ன சொன்னாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜாதகம் வந்தது. வாக்கு ஸ்தானத்தில் சனி என்றார் சோமசுந்தரம். கோபமோ துக்கமோ வந்தால் உங்களுக்குப் பேச்சு நின்றுபோகும், நிற்கிறது என்பது உங்களுக்கே தெரிய வேண்டும் என்றார். அதற்கு முன்னால் சாமியம்மாள் திடீர் திடீரென்று வாயை மூடிக்கொள்வாள். மூத்த பெண் மூன்று வயசில் காய்ச்சலில் போனபோது வைத்திலிங்கம் ஓவர்டைமில் இருந்தார். அதற்கு நாற்பத்தோரு நாள் அவரோடு பேசவில்லை. ஜாதகம் வந்த பிறகு அவள் அப்படிச் செய்வதில்லை. "சனி நாக்குல குந்திகினு கீது. ரெண்டு நாளு என்னை ஒண்ணும் கேக்காத," என்று சொல்லிவிட்டுத்தான் மூடுவாள். சில சமயம் சிரிப்பாள்கூட. அவர் அதையும் கேலி செய்தார். ஆனால் அந்த ரெண்டு நாளும் போட்டதைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கப் பழகிக்கொண்டார்.

"பதினொண்ணுன்னே எழுதிடலாம்," என்றார் சோமசுந்தரம். "அந்தப் பொண்ணு நிக்கறது எனக்கும் தெரியுது. ஆனா பொய் எழுதறதா இருந்தா பொய்யின்னு தெரிஞ்சி எழுதணும். நடந்தத சொல்லு."

"எனக்குத் தெரியாது."

"கூடத்தான இருந்த?"

"இல்ல."

அதைச் சொன்னபோது வைத்திலிங்கம் கதவைப் பார்த்தார். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

"காலையிலேர்ந்து சொல்லு."

"அவனும் போயிட்டான், மருமவளும் போயிட்டா. எட்டு மணிக்குப் பொண்ணு அன்புக்கரசிக்குப் போன் போடுன்னா. இன்னிக்கே வரச் சொல்லுன்னா. டெய்லி இதே பாட்டு. குறிஞ்சிப்பாடியில அவளுக்கு வூடு வாசல் இல்லியான்னேன். போடல."

"அப்பறம்?"

"ஒம்போதுக்குக் கஞ்சி குடுத்தேன். ரெண்டு மொடக்கு குடிச்சிட்டுப் போதும்னா. நான் பின்னால அவ துணியத் தொவைக்கப் போனேன்."

"உள்ள எப்ப வந்த?"

"தொவச்சிட்டு."

"அப்பறம் எங்க போன?"

"டீக்கடைக்கு. நான் போயி குந்தறேன், டிவியில பத்து மணி செய்தி ஆரம்பிக்கறான்."

"கடைக்கு எத்தினி நிமிசம்?"

"பத்து."

சோமசுந்தரம் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் 9.50 என்று எழுதினார். "உள்ள வந்தப்ப என்னா பண்ணிகினு இருந்தாங்க?"

"படுத்துகினு இருந்தா. கண்ணு தொறந்துதான் இருந்துது. இன்னும் ரெண்டு மொடக்கு குடிக்கிறியான்னேன். பேசல. போன் போடலன்னு கோவம்."

"நீ என்னா சொன்ன?"

வைத்திலிங்கம் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார். "வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு கீறன்னேன். உனக்கு வாரிக்கொட்டி என் கை தேஞ்சிபோச்சின்னேன்."

"அதுக்கும் பேசல."

"பேசல. ஒதட்டோரம் ஈ ஒண்ணு குந்திகினு இருந்துது. எப்பவும் கை ஆட்டி ஓட்டுவா, அந்தக் கை நல்லாத்தான் இருந்துது. ஓட்டல. அவ்ளோ வீம்பு. இருக்கட்டும்னு நானும் ஓட்டல. கதவச் சாத்திகினு போயிட்டேன். வர பதினொண்ணு ஆயிடுச்சி."

பேனா நின்றது. சோமசுந்தரம் பெஞ்சைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வைத்தி. சொல்லிட்டாங்களா?"

"என்னாத்த?"

"சனி குந்திகினு கீதுன்னு."

வெளியே பறைக்குச் சூடு காட்ட வைக்கோல் கொளுத்தியிருந்தார்கள். புகை ஒருக்களித்த கதவு வழியாக உள்ளே வந்தது. வைத்திலிங்கம் எட்டு மணியைத் தேடினார். ஒன்பது மணியைத் தேடினார். போன் போடு என்றாள். போதும் என்றாள். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் சொல்லாமல் வாயை மூடியது இல்லை.

"இல்ல," என்றார்.

சோமசுந்தரம் பஞ்சாங்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடினார். இரண்டிலும் 9.50 ரேவதிதான்.

"பதினொண்ணுன்னு சொல்லிடறேன். அசுவினி."

"ம்."

"நீ இதையெல்லாம் நம்பாதவன். உனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

சோமசுந்தரம் வாசலுக்குப் போய், தோசம் இல்லை, வாசல் வழியாகவே எடுக்கலாம் என்று சொன்னார். இசைப்பிரியா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பறை அடிக்கத் தொடங்கினார்கள். மதிவாணன் உள்ளே வந்து பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் அம்மாவுக்காக அழுதான்.

மூன்று மணிக்கு அன்புக்கரசி வந்தாள். தெருமுனையிலிருந்தே அவள் குரல் கேட்டது. பெஞ்சில் விழுந்து புரண்டு, தொண்டை கட்டிப்போன பிறகு, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தனியா போவலியேப்பா? கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"பேசிகினு இருந்தியா?"

"பேசிகினுதான் இருந்தேன்."

"அம்மா கடைசியா என்னா சொல்லிச்சி?"

தாடையில் கட்டியிருந்த துணியின் முடிச்சு காதுக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்தது. வைத்திலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கஞ்சி போதும்னா."

அன்புக்கரசி தலையை ஆட்டினாள். அது போதும் என்பதுபோல அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

நாலரைக்கு எடுத்தார்கள். வாசல் குறுகல். பாடையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. சுவரில் இடிக்காமப் பாத்து, சுவரில் இடிக்காமப் பாத்து என்று வீரம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

புதைத்துவிட்டுக் குளித்துத் திரும்பியபோது பொழுது இறங்கிவிட்டது. மார்கழிக் குளிர். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். சாமியம்மாள் தலை கிடந்த இடத்தில் ஒரு அகல் எரிந்தது. வந்தவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். வைத்திலிங்கம் வாசலில் நின்ற சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். படி ஏறவில்லை.

"மாமா, உள்ள வாங்க. ஈரத் துணியோட நிக்கிறீங்க," என்று இசைப்பிரியா கூப்பிட்டாள். உள் அறையில் அவருக்குப் பாய் போட்டிருந்தாள்.

"எனக்கு வெளியவே கட்டில் போடச் சொல்லு."

மதிவாணன் எட்டிப் பார்த்தான். "என்னாப்பா, பனி ஊத்துது."

"உள்ள வேக்காடா கீது."

"வேக்காடா? இந்தக் குளுர்லயா? எத்தினி நாளைக்கு வெளிய படுப்ப?"

"ஆனி பொறக்கட்டும். பாக்கலாம்."

மதிவாணன் மாசங்களை எண்ணிப் பார்க்கவில்லை. கிழவனோடு பேசி ஜெயிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். வீரம்மாள் வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கிவந்து, சைக்கிள் நிற்கிற தகரத்துக்கு அடியில் போட்டான். தகரம் பாதிக் கட்டிலைத்தான் மூடியது. வைத்திலிங்கம் போர்வையை வாங்கிக்கொண்டு, மூடாத பக்கம் தலையை வைத்துப் படுத்தார்.