சத்தம் போடாத வண்டி

...மூடு, வாயை மூடு, உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொள், அப்புறம் எது எப்படி வெளியே வருகிறதென்று பார்த்துவிடலாம், நாக்குக்கு வேலை கொடுக்க ஓட்டல் ரிசப்ஷன் கிண்ணத்திலிருந்து ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாயிற்று, இனி பொம்மனஹள்ளி போய்ச் சேரும்வரை இந்தத் தியோடர் வாயிலிருந்து ஒரு சொல் விழக்கூடாது... பின்னால் மூன்று கெஸ்ட், கடைசி சீட்டில் அந்த இரண்டு சென்னைப் பையன்கள், எனக்கு நேர் பின்னால் சேலத்திலிருந்து பேங்க் ட்ரெயினிங்குக்கு வந்திருக்கும் வேதநாயகி மேடம், பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி. வண்டி நிற்கிறதா போகிறதா என்றே தெரியவில்லை, அதுதானே இதன் பெருமை, சனியன் பிடித்த பெருமை, ஹெப்பகோடி மெட்ரோ தூண்களுக்கு அடியில் திரும்பும்போது இண்டிகேட்டரின் டிக் டிக் வாட்ச் கடைக்குள் நுழைந்த மாதிரிக் கேட்கிறது, அந்த டிக் டிக்கே இப்படிக் கேட்கும் வண்டியில் மனுஷன் பேசினால் கேட்காதா? இவ்வளவு நாளாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? மண்டையில் மூளைதான் இருக்கிறதா, இல்லை அதையும் பழைய டீசல் வண்டியோடு கழற்றிக் கொடுத்துவிட்டேனா?

காலையில் போர்ட்டிகோவில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், தூணுக்கு அந்தப் பக்கம் ரகு, இரண்டு பையன்களில் உயரமானவன், இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, கழுத்தை ஆமை மாதிரி முன்னால் நீட்டி, “போ ராஜா போ, ராங் சைடுலயே போ, மோட்சத்துல உனக்குத்தான் ஜன்னல் சீட்டு போட்டு வெச்சிருக்காங்க” என்கிறான், மற்றவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்... கேவலம் என்னவென்றால் முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது, யாரையோ அச்சு அசலாகச் செய்கிறானே பையன் என்று நானும் பல்லைக் காட்டினேன். அடுத்தது சொன்னான், “மாதாவே, இந்த பஸ்காரனுக்கு நல்ல புத்தி குடு, இல்லன்னா ஒரு பஞ்சராவது குடு.” கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. அது என் ஜெபம். நான் யாரிடமும் சொல்லாத, பெண்டாட்டி டோரீனுக்கே தெரியாத, மனசுக்குள் மட்டும் வைத்திருந்த ஜெபம், அது எப்படி இவன் வாயில்? டிராவல் டெஸ்க் நிக்கோல் ஓடி வந்து, அந்தப் பெண்ணுக்கு என்னைவிட முகம் சிவந்துவிட்டது, “அங்கிள், உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? ஓட்டறப்ப வாய்விட்டு பேசிட்டே வரீங்க, நான் ஏதோ ப்ளூடூத்ல ஆன்ட்டிகிட்ட பேசறீங்கன்னு நெனச்சேன்” என்றாள். நான்! டோரீனிடம்! வீட்டில் நான் வாயைத் திறப்பதே சோற்றுக்கும் கொட்டாவிக்கும்தான், “வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க” என்று அவள் கேட்காத நாள் இல்லை, அந்தக் கொழுக்கட்டையெல்லாம் இங்கேதான் உதிர்ந்துகொண்டிருந்ததா, ஊரான் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்ள?

இதில் எனக்குப் பெருமை வேறு. கெஸ்ட் வந்தால் நிக்கோல் கேட்பாள், “எலெக்ட்ரிக்கா சார், டீசலா?” பத்தில் எட்டுப் பேர் என் வண்டியைத்தான் சொல்வார்கள், ஹரிஷ்குமார் தன் டீசல் வண்டியில் சாய்ந்துகொண்டு “ஏன் குரு, எல்லாம் நிம்கேனா?” என்று கன்னடத்தில் பொருமுவான், எல்லாரும் உனக்கேயா என்று, நான் தோளைக் குலுக்குவேன், ஏதோ நம்முடைய கைராசி என்கிற மாதிரி. அடுகோடி வீட்டில் டோரீனிடம் நானாக வாய் திறந்து சொன்ன ஒரே விஷயம் அதுதான், கெஸ்ட்டுங்க என் வண்டியைத்தான் கேட்கிறார்கள் என்று. இன்றைக்கு நிக்கோல் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்... போன் பேச வசதி என்று எலெக்ட்ரிக் கேட்பவர்கள் உண்டாம், புகை நாற்றம் இல்லை என்று கேட்பவர்கள் உண்டாம், பெட்டி நிறைய இருப்பவர்களும் ஏசி சில்லென்று வேண்டும் என்பவர்களும் டீசலாம், “அப்புறம் செல பேரு, பேசற அங்கிள் வண்டின்னே கேக்கறாங்க அங்கிள், உங்கள அவ்ளோ புடிக்கும் அவங்களுக்கு” என்றாள். பிடிக்குமாம். குரங்காட்டி வந்தால்கூடத்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது. “வேணும்னா ஹரிஷ்கிட்ட வண்டிய மாத்திக்கறீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள், ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே, மேனேஜர் சீனிவாசராகவன் சார் முன்னால் நின்று என்னவென்று சொல்வேன், சார், எனக்கு வாய் ஓட்டை, மூடி போட டீசல் சத்தம் வேண்டும் என்றா? இந்த ஓட்டலிலேயே டீசல்தான் வேண்டும் என்று மனசாரக் கேட்கிற ஒரே ஆள் டிரைவர். லாரி, மெட்டடோர், டெம்போ என்று வாழ்க்கை முழுக்க எஞ்சின் இரைச்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவன், அதற்குள் பாடினேனா, திட்டினேனா, அழுதேனா யாருக்குத் தெரியும், எனக்கே தெரியாது.

பையன்கள் ஏறியதும் பின்னால் குசுகுசுவென்று சிரிப்பு இருந்தது, போனில் எதையோ பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன், கொஞ்ச தூரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. சிரிக்கட்டும், என் டெரிக்... இல்லை, அவனை எதற்கு இப்போது, மருமகன் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்... என் பிள்ளை வயசுப் பையன்கள், நான் ஒன்றும் அவர்களைச் சபிக்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தை, அங்கிள் நீங்க சத்தமா பேசறீங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பல்லில் கீரை ஒட்டியிருந்தால்கூடச் சொல்ல மாட்டார்களா, சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்களா? எலெக்ட்ரானிக் சிட்டி கேட் வந்தது. இருவரும் இறங்கினார்கள், மற்றவன் குனிந்த தலையோடு நேரே போனான், ரகு என் ஜன்னல் பக்கம் வந்து நின்று, “சாரி அங்கிள்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அடையாள அட்டைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே ஓடினான். பரவாயில்லை, நிக்கோல் கூப்பிட்டுக் கண்டித்திருப்பாள், நல்ல பெண்.

இனி மேடம் மட்டும்தான். இந்த மேடத்துக்கு எலெக்ட்ரிக்கும் வேண்டாம், டீசலும் வேண்டாம், நிக்கோல் கேட்டதற்கு “எது மொதல்ல கெளம்புதோ அதுங்க” என்று சொல்லி ஏறிய ஆள். கூட்லு கேட் சிக்னலில் நிற்கிறது வண்டி, நிற்பதும் தெரியவில்லை, எதிரே ஒரு பெண் பெரிய பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறாள், பை முழங்காலில் இடிக்க இடிக்க... என் பெண் சோஃபியா இப்படித்தான் வந்தாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பூசைக்குப் போக வேண்டிய நாள், ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஓட்டலுக்கே வந்துவிட்டாள், அம்மாவிடம் போகும் முன் என்னைப் பார்க்க. “டெரிக் என்கிட்ட பேசறதே இல்ல டாடி. சோறு வேணும்னா டேபிள தட்டறாரு. தண்ணி வேணும்னா ரெண்டு தட்டு.” நான் என்ன சொன்னேன்? நன்றாகத்தான் சொன்னேன். “வாம்மா, நம்ம வீடு இருக்கு, மம்மிகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றேன். அவள் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்கூட. டிரிப் இருக்கிறது, ஏறு, பொம்மனஹள்ளியில் விடுகிறேன், அங்கிருந்து அடுகோடிக்கு பஸ் இருக்கிறது என்று சொல்லி, எனக்கு நேர் பின்னால், இதோ மேடம் உட்கார்ந்திருக்கிற இதே சீட்டில் உட்காரவைத்து...

எலெக்ட்ரிக் வண்டியில்.

ஐயோ. மாதாவே. அன்றைக்கு நான் என்ன நினைத்துக்கொண்டு ஓட்டினேன்? யோசி, தியோடர், ஒன்று விடாமல் யோசி... டேபிளைத் தட்டினால் தட்டிவிட்டுப் போகிறான், கையையா ஓங்கினான், இதெல்லாம் ஒரு காரணமா என்று நினைத்தேன். கோயிலில் கிளெமென்ட் முகத்தில் எப்படி முழிப்பேன், வரனைக் கொண்டுவந்தவன் அவன்தானே, பாட்டுக் கொயர் முழுக்கப் பரப்பிவிடுவான் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கு மடிப்புக் கலையவில்லை, அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் போனால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். நினைக்கத்தானே செய்தேன், எந்த அப்பன் நினைக்க மாட்டான், நினைப்பை எல்லாம் கணக்கில் எடுத்தால் எவன்தான் நல்லவன், அதனால்தானே ஆண்டவர் மூளைக்கு மேல் எலும்பை வைத்து மூடியிருக்கிறார்! ஆனால் பொம்மனஹள்ளியில் இறங்கும்போது அவள் முகம்... “நான் ஓசூருக்கே போய்டறேன் டாடி. சும்மா உங்கள பாத்துட்டு போலாம்னுதான் வந்தேன்” என்றாள். அவ்வளவு பெரிய பையோடா சும்மா பார்க்க வருவார்கள்? எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள இஷ்டமில்லை, அவள் மேம்பாலத்துப் படியில் ஏறிப் போனதும் அப்பாடா என்று... அந்த அப்பாடா உள்ளேதானா? இல்லை, அவள் ஃபுட்போர்டில் கால் வைத்திருக்கும்போதே வந்துவிட்டதா? அன்றிலிருந்து மம்மிக்குத் தினம் காலையில் பைபிள் வசனம் அனுப்புகிறாள், எனக்கு ஒன்றும் இல்லை, பிஸியாக இருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். பேசாத புருஷனிடமிருந்து தப்பித்து, பேசுகிற அப்பனிடம் வந்து மாட்டிக்கொண்டது என் பெண். வெட்கமாக இருக்கிறது. தூ. நான் எல்லாம் ஒரு தகப்பன்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை, அதுவும் சத்தியம். மெட்டடோர் ஓட்டிய காலத்தில் ஸ்கூல் லீவு என்றால் கூடவே வருவாள், கேபினுக்குள் எஞ்சின் மூடி இருக்குமே, கதகதவென்று, அதன் மேல் கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள், கொஞ்ச நேரத்தில் என் தொடையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள், கியர் மாற்றினால் எழுந்துவிடுவாளோ என்று செகண்ட் கியரிலேயே ஏற்றம் முழுக்க ஓட்டியிருக்கிறேன், வண்டி முனகும், ஓனர் திட்டுவான். ராத்திரி வீட்டுக்குப் போனால் என் சட்டையை முகர்ந்து பார்த்து, “இன்னிக்கு டீசல் டாடி, நேத்து ஆயில் டாடி” என்பாள், டோரீன் அந்தச் சட்டையைத் தனி வாளியில் நனைப்பாள், இவள் அதை எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். அந்தக் குழந்தையைத்தான்... அந்த முதல் வெள்ளிக்கிழமையும் இதை நான் நினைத்திருப்பேன், நினைக்காமல் இருந்திருக்க முடியாது, கண்ணாடியில் அவள் மூக்கைப் பார்த்தபோது கட்டாயம் நினைத்தேன். இப்போதே ஓரமாக நிறுத்திக் கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டால் எடுப்பாளா? எடுத்தாலும் என்னவென்று ஆரம்பிப்பது, நீ என்ன கேட்டாய் என்று கேட்பதா, எதையும் கேட்காத மாதிரி இருந்துவிடு என்பதா... எடுப்பாளா அவள்?

“எடுப்பாங்க.”

கால் தானாக பிரேக்கில் போயிற்று. கண்ணாடியில் வேதநாயகி மேடம், ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவர், மெதுவாக என் பக்கம் பார்த்தார். “பொண்ணுங்க அப்பா போன எடுத்துருவாங்க சார். என்ன சொல்றதுன்னு மட்டும் முன்னாடியே யோசிச்சு வெச்சுக்குங்க.”

“மேடம்... நான் வெளிய பேசினேனா?”

“ம்.”

“கூட்லு கேட்டுல இருந்தா?”

“ஹெப்பகோடில இருந்தேதாங்க.”

பெப்பர்மிண்ட் பல்லிடுக்கில் ஒரு துணுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெப்பகோடியிலிருந்தே... அப்படியானால் குரங்காட்டியும், கீரையும், அந்தப் பையன் ஜன்னலில் நின்று முகத்தைப் பார்க்காமல் சொன்ன சாரியும்... நிக்கோல் ஒன்றும் கண்டிக்கவில்லை. காது சுடுகிறது, ஏசியை முகத்துக்கு நேரே திருப்பினாலும் சுடுகிறது. மேடத்தின் ட்ரெயினிங் சென்டர் வாசல் வந்துவிட்டது, ஓரம் கட்டினேன், கதவைத் திறக்கும் பட்டனில் விரலை வைத்தேன், அழுத்தவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கேட்காமல் விட்டால் இன்று முழுக்க நான் ஓட்ட முடியாது.

“ஒண்ணே ஒண்ணு மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க. அவ எஞ்சின் மேல தூங்கினது... சட்டைய மோந்து பாத்தது... அதெல்லாமும் கேட்டுச்சா உங்களுக்கு?”

மேடம் எழுந்தார், சேலையைச் சரிசெய்துகொண்டார், கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நடுவுல கொஞ்ச நேரம் நான் போன் பாத்துட்டு இருந்துட்டேங்க,” என்றார். “அதனால... தெரியலீங்க சார்.”

கதவைத் திறந்தேன். இறங்கி, ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, செக்யூரிட்டியைத் தாண்டி உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷி. வழியெல்லாம் எத்தனை முறை கண்ணாடியைப் பார்த்திருப்பேன், பார்த்தபோதெல்லாம் அவருடைய இரண்டு கையும் பையின் மேல்தான் இருந்தன, பையின் ஜிப் மூடியேதான் இருந்தது, போன் வெளியே வரவேயில்லை, அப்படியானால் கோணியும் சட்டையும் மட்டும்தான் என் வாயைத் தாண்டவில்லை. காலி வண்டி. எதிர்ப் பக்கம் ஓசூர் பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றுகிறது. போனை எடுத்து அவள் பெயரைத் தொட்டேன், ரிங் போகிறது, அதற்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிடலாம், நானாக, வேண்டுமென்றே, சத்தமாக, சோஃபி என்று ஒரே ஒரு முறை என வாயைத் திறந்தேன். பெப்பர்மிண்ட் வாசனைதான் வந்தது.