ஓடிப்போனாள் என்று எழுத முடியவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தூக்கக் கலக்கத்தில் பிறந்தது. நானும் மனைவியும் அப்பாவும் வெளிநாட்டுச் சுற்றுலா போயிருந்தோம். ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக ஊரிலிருந்து அத்தை போனில் கூப்பிட்டு, "எங்கடா அவ?" என்றார்.

"ஓடிப்போயிட்டா அத்தை."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அவள் ஓட்டப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஊர் திரும்பியபின் இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயம், அவளுக்கு முதல் பந்தயம். [அத்தைக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.]

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

அதிகாலையில் அவள் ஓடிப்போனாள். (கூடாது. அத்தை படிப்பார்.)

அவள் பாதங்கள் அந்நிய மண்ணை முத்தமிட்டபடி (மன்னிக்கவும்.)

அவள் ஓடினாள். (யாருக்குப் பயந்து என்று கேட்பீர்கள்.)

நம் மொழியில் ஒரு பெண் சும்மா ஓட முடியாது போலிருக்கிறது. யாரோடாவது ஓட வேண்டும், இல்லை எதற்காவது பயந்து ஓட வேண்டும். அவளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. கதவருகே குனிந்து ஷூ நாடாவில் இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "ஓடிட்டு வரேன்" என்பாள். அந்த "வரேன்" எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

3

அப்பாவை வில்லனாக்கத்தான் நினைத்தேன், வசதியாகவும் இருந்தது. ஓட்டல் அறையில் மேஜை விளக்கின்மேல் அவளுடைய சாக்ஸ் காய்வதைப் பார்த்து முகம் சுளித்தார். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் காதில் விழும்படியே, "ஊர் பாக்க வந்தோமா, ஓட வந்தோமா?" என்றார். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.

[இதுவரை அவளிடம் காட்டினேன். "மாமா சொன்னதுல என்ன தப்பு? என் ஒருத்திக்காக எல்லாரும் காத்துக்கிடக்கணுமா? ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு நான் போகல" என்றாள். திரும்பி வந்ததிலிருந்து அவளுடைய ஷூக்கள் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.]

4

ஆகவே, அவளுக்கு இன்னும் காட்டாத பகுதி.

கடைசி நாள். விமான நிலையத்துக்குப் போகும் வேன் ஓட்டல் வாசலில் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன, உடன் வந்த மற்ற குடும்பங்களும் ஏறிவிட்டன. நீண்ட தூரம் ஓடப் போனவளை மட்டும் காணோம். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்பா எழுந்தார். தொலைந்தோம் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாத்திரை டப்பாவ ரூம்லயே விட்டுட்டேன். தேடி எடுத்துட்டு வரேன்னு டிரைவர்கிட்ட சொல்லு."

மாத்திரை டப்பா அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

பின்னாலேயே போனேன். அப்பா வரவேற்பறைச் சோபாவில் கால்மேல் கால் போட்டு, கண்ணாடிக் கதவு வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"பாதி ஓட்டத்துல திரும்பி வரச் சொல்றதா? முடிச்சிட்டு வரட்டும், அதுவரைக்கும் தேடறேன். அவகிட்ட சொல்லித் தொலைக்காத. அப்புறம் தினமும் லேட்டா வருவா."

தெருமுனையில் அவள் தெரிந்தாள். வியர்வையில் தொப்பலாக நனைந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடி வேனில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் அப்பா ஏறி, யாரையும் பார்க்காமல், "கிடைச்சிடுச்சு" என்றார்.

5

சொல்லாதே என்றார், சொல்லவில்லை. எழுதத்தானே செய்தேன்.

முடிவுகள்: அவள் படித்துவிட்டுப் பந்தயம் ஓட, அப்பா முடிவுக் கோட்டருகே நின்று கைதட்ட (சினிமா). அல்லது, "நல்லா கட்டிவிடறீங்க" என்று சிரித்துவிட்டு அடுப்பை அணைக்கப் போகிறாள். எனக்குப் பயம் இதில்தான். காலமெல்லாம் இல்லாததை எழுதிப் பிழைத்தவன், ஒரே ஒரு முறை நடந்ததை எழுதினால் யார் நம்புவார்கள்?

இன்று சனிக்கிழமை, விடிந்தால் பந்தயம். இந்தத் தாள்களைச் சுருட்டி அவளுடைய ஷூவுக்குள் செருகிவிட்டேன். இனி ஒரு வரிதான் பாக்கி. அதை நான் எழுத முடியாது, கதவருகே குனிந்து அவள்தான் சொல்ல வேண்டும். இடம் விட்டிருக்கிறேன். உங்கள் காதில் விழுந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"                    "