ஒன்றரை மணி வரை எழுப்ப வேண்டாம்

மே மாத லீவில் மஸ்கட்டிலிருந்து வந்திருந்த பாலகணேஷ் இந்த முறை ஒரு தடவைகூட மனைவியோடு சண்டை போடவில்லை. தாரணிக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது. கோவில்பட்டியில் அரசுப் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டு மகளோடு மஸ்கட்டுக்கு வந்துவிடு என்று ஐந்து வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருடம் முழுக்க போனில் அதே பேச்சுதான். இப்போது அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "மூணு பேரும் மெட்ராஸ் போய் மூணு நாள் இருந்துட்டு வருவோம்" என்றான்.

தி. நகரில் ஓட்டல் எடுத்தார்கள். மயிலாப்பூர் கோயிலுக்குப் போனார்கள். சாந்தோம் கடற்கரையில் ஐந்து வயது நிலா அப்பாவின் தோளில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக் கத்தினாள். மனுஷன் மாறிவிட்டான் என்று தாரணி நினைத்தாள். நினைக்க ஆசையாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவன் சொன்னான்: "உனக்குக் கழுத்து வலி இருக்குல்ல? ஆழ்வார்பேட்டைல ஒரு இடத்துல சொல்லி வெச்சிருக்கேன். எண்ணெய் மசாஜ். அப்புறம் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஒரு சிகிச்சை பண்ணுவாங்களாம். மூணு மணி நேரம்."

"அவ்வளவு நேரமா? நிலா என்ன பண்ணுவா?"

"நான் பாத்துக்க மாட்டேனா? பாண்டி பஜார்ல அவளுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பேன். நீ நிம்மதியா இரு."

பத்து மணிக்கு முன்பே டாக்சியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். நிலாவின் முதுகுப் பையிலிருந்து சிவப்பு ஸ்வெட்டரின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "இந்த வெயில்ல ஸ்வெட்டர் எதுக்குங்க?" என்று கேட்டாள். "கடையில ஏசி ஜாஸ்தியா இருக்கும்" என்றான். நிலா கண்ணாடி வழியாகக் கை ஆட்டினாள். டாக்சி திரும்பியது.

அது ஒரு பழைய பங்களா. வாசலில் செருப்பை விடச் சொன்னார்கள். நடத்துகிறவர் ஷண்முகப்ரியா, நாற்பது வயதுப் பெண்மணி, வெள்ளைப் பருத்திப் புடவை, சத்தம் போடாத பேச்சு. தாரணியின் செல்போனையும் கைப்பையையும் வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினார்.

"உள்ள போன் கிடையாதுங்க. யாருக்குமே கிடையாது. இந்த மூணு மணி நேரம் உங்களுக்கு மட்டும்."

"பொண்ணு சின்னவ. அவசரம்னா..."

"உங்க ஹஸ்பெண்ட் எங்க நம்பருக்குக் கூப்பிடுவார். ஏற்கெனவே பேசியிருக்கார். கவலைப்படாதீங்க."

மசாஜ் செய்ய வந்தவர் ஹாஜிரா பீ. ஐம்பது வயதிருக்கும். ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். வேப்ப மரத்தில் செய்த நீளமான பலகையில் தாரணியைக் குப்புறப் படுக்க வைத்து, சூடான எண்ணெயை முதுகில் ஊற்றினார். கை பெரிய கை. தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் தாரணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா கண்ணு, கல்லு மாதிரி கீது. இவ்ளோ நாளா எத்த சொமந்துக்கினு இருந்தே?"

"பரீட்சை பேப்பர் திருத்துறதுதான் அக்கா."

ஹாஜிரா பீ சிரித்தார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. விளக்கு மங்கலாக எரிந்தது. வெளியே சாலையின் சத்தம் உள்ளே வரவில்லை. தாரணி பாதி தூங்கியிருப்பாள்.

எண்ணெய் தீர்ந்து, இன்னொரு கிண்ணம் சுடவைத்து எடுத்துவர ஹாஜிரா பீ வெளியே போனார். திரும்பி வரச் சற்று நேரமாகியது. வந்து கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"உன் வூட்டுக்காரரு போன் பண்ணாரு, கண்ணு. டேபிள்ல யாரும் இல்ல, நான்தான் எடுத்தேன்."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லன்னாரு. எப்ப முடியும்னு கேட்டாரு. பன்னெண்டே முக்காலுக்குன்னேன். முடிஞ்ச உடனே எழுப்ப வேணாம், ஒன்றரை மணி வரைக்கும் தூங்க விடுங்கன்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"மொதல்லயே மேடம் கிட்டயும் ஒரு வாட்டி இதையே சொன்னாராம்." ஹாஜிரா பீ எண்ணெயைத் தொட்டார். ஆனால் முதுகில் கை வைக்கவில்லை. "பின்னால கொழந்த அழுதுச்சி. அம்மா கிட்ட பேசணும்னு. நான் குடுங்க சாரேன்னேன். அவரு வெச்சிட்டாரு."

"நிலா அப்படித்தான். எதையாவது கேட்டு அடம் பிடிப்பா" என்றாள் தாரணி. சொன்ன பிறகு தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மசாஜ் சரியாக நடக்கவில்லை. கை ஓடியது, ஆனால் உடம்பு இளகவில்லை. ஹாஜிரா பீயும் அதைச் சொல்லவில்லை. எண்ணெயைத் துடைத்து, தளர்ந்த பருத்தி உடுப்பைக் கொடுத்து, பக்கத்து அறை வரை கூட்டிக்கொண்டு போனார். கதவருகில் மெதுவாகக் கேட்டார்: "நீ ஒரு வாட்டி போன் பண்ணிக்கிறியா?"

உள்ளேயிருந்து ஷண்முகப்ரியா, "ஹாஜிராம்மா, அவங்களை விடுங்க" என்றார்.

அறையில் ஜன்னல்களைக் கனத்த திரை மூடியிருந்தது. தரையில் மெத்தை. அதைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகப் பதினைந்து கிண்ணங்கள். தாரணியைப் படுக்க வைத்து, கண்ணின் மேல் ஈரத்துணியைப் போட்டார் ஷண்முகப்ரியா. ஒரு கிண்ணத்தை அவள் வயிற்றின் மேல் வைத்தார். அதன் கனம் உள்ளே இறங்கியது.

"சத்தத்தைக் கேக்காதீங்க. அது உங்களுக்குள்ள போகட்டும். எது வெளிய வந்தாலும் வரட்டும்."

முதல் அடி மெதுவாக விழுந்தது. ஒலி எழும்பி, சுவரில் மோதி, திரும்பி வந்து நெஞ்செலும்பில் நின்றது. அது அடங்குவதற்குள் தலைமாட்டில் இன்னொன்று. பிறகு காலடியில். நேரம் போகப் போக எந்தக் கிண்ணம் எங்கே ஒலிக்கிறது என்று தெரியவில்லை. வயிற்றின் மேலிருந்த கிண்ணம் தானாகவே அதிர்ந்தது. பல் கூசியது.

நிம்மதி வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வேறு சிலதுதான் வந்தன.

போன வாரம் நிலாவுக்கு வீசிங் வந்தபோது பக்கத்திலேயே நின்று, இன்ஹேலரை எத்தனை தடவை அழுத்த வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தரம் என்று அவன் போனில் எழுதிக்கொண்டான். அப்பா அக்கறையாகக் கற்றுக்கொள்கிறான் என்று அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள். கிளம்புகிற அன்று பீரோ சாவி அவன் கையில் இருந்தது. "நிலாவோட ஆதார் எடுத்தேன், ஓட்டல்ல கேப்பாங்க" என்றான். ஆதார் இருந்த கவரில்தான் நிலாவின் பாஸ்போர்ட்டும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் வற்புறுத்தி எடுத்த பாஸ்போர்ட். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்றான். டிக்கெட்டை அவள் பார்க்கவில்லை.

கிண்ணம் ஒலித்தது. ஒன்றரை மணி வரைக்கும்.

ஸ்வெட்டர் கடை ஏசிக்கு இல்லை.

தாரணி எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றிலிருந்த கிண்ணம் உருண்டு தரையில் விழுந்து பெரும் சத்தம் போட்டது.

"என் போனைக் குடுங்க."

ஷண்முகப்ரியா பதறவில்லை. அவள் தோளைப் பிடித்து மெல்லப் படுக்க வைக்கப் பார்த்தார். "இப்ப எழுந்தா தலை சுத்தும். இது உள்ளே அடைச்சுக் கிடக்குற பயம். வெளிய வருது. நல்லதுதான். படுங்க."

"என் பொண்ணு எங்கேன்னு தெரியணும்."

"தாரணி, கண்ணை மூடுங்க. உங்க ஹஸ்பெண்ட் முன்னாடியே சொன்னார். பாதியில எழுந்துக்குவீங்க, குழந்தையைப் பத்திப் பேசுவீங்க, போன் கேப்பீங்கன்னு. ரொம்ப நாளா உங்களுக்கு இந்தப் பதற்றம் இருக்குன்னார். நீங்க பத்திரமா இருக்கீங்க."

அதுவரைக்கும் தாரணிக்கு அது சந்தேகம்தான். கேட்ட பிறகு சந்தேகம் இல்லை. தன் கை கால் எப்படி அசையும், வாயிலிருந்து என்ன வார்த்தை வரும் என்பதுவரை அவன் யோசித்து வைத்திருந்தான்.

கதவைத் திறந்துகொண்டு ஹாஜிரா பீ வந்தார். கிண்ணம் விழுந்த சத்தம் கேட்டு வந்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"அந்தப் பொண்ண விடு மேடம். லாக்கர் சாவியக் குடு."

"ஹாஜிராம்மா, பாதியில நிறுத்தினா..."

"குடும்மா."

பாலகணேஷின் போன் அணைக்கப்பட்டிருந்தது. தாரணி ஓட்டலைக் கூப்பிட்டாள். ரிசப்ஷனில் இருந்த பையன் மரியாதையாகப் பேசினான். "சார் பத்தரைக்கே ரூம் காலி பண்ணிட்டார் மேடம். உங்க பெட்டியை மட்டும் இங்க வெச்சிருக்கார். நீங்க மத்தியானம் வந்து எடுத்துக்குவீங்கன்னார்."

மணி பதினொன்று ஐம்பது. "மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போறார்" என்றாள் தாரணி. சுவரோரம் நின்ற ஷண்முகப்ரியா தன் போனில் எதையோ தேடினார். "மஸ்கட் ஃப்ளைட் ரெண்டேகாலுக்கு ஒண்ணு இருக்கு" என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

தாரணி அந்த உடுப்போடே, தலையில் எண்ணெய் வழிய, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கூடவே வந்து ஹாஜிரா பீ ஆட்டோவை நிறுத்தினார். அவர் ஏறுவார் என்று தாரணி எதிர்பார்க்கவில்லை.

"ஏர்போர்ட் போ நைனா. கொழந்த விஷயம். சீக்கிரம் போ."

நந்தனம் சிக்னலில் மூன்று நிமிடம் நின்றார்கள். தாரணி போலீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்: "யார் கூட்டிட்டுப் போறாங்க?" "அவ அப்பா." "அப்பாவா?" "கோர்ட் ஆர்டர் ஏதாவது இருக்காம்மா?" இல்லை. புகாரை எழுதிக்கொள்வதாகவும் விமான நிலையக் காவல் நிலையத்துக்குச் சொல்வதாகவும் அந்தப் பெண் சொன்னாள். சொன்ன விதத்தில் நம்பிக்கை இல்லை.

சைதாப்பேட்டை தாண்டியபோது தாரணி, "அவ எண்ணெய் வாசனைன்னா தூரப் போயிடுவா" என்றாள். எதற்கு அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஹாஜிரா பீ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் வழுக்கின.

விமான நிலைய வாசலில் டிக்கெட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார் துப்பாக்கி வைத்திருந்த காவலர். அவருக்குத் தமிழ் வரவில்லை. ஹாஜிரா பீ உருதுவில் பேசினார். சத்தம் போடவில்லை, கெஞ்சவுமில்லை. ஐந்து வயதுப் பெண், தாய்க்குத் தெரியாமல், இந்த விமானம், இந்தப் பெயர் என்று நிதானமாகச் சொன்னார். காவலர் தாரணியின் எண்ணெய்த் தலையையும் உடுப்பையும் பார்த்துவிட்டு வாக்கி டாக்கியில் யாரையோ கூப்பிட்டார்.

பத்து நிமிடம் கழித்து விமான நிறுவனச் சீருடையில் ஒரு இளம்பெண் வேகமாக வந்தாள்.

"நிலாவோட அம்மாவா நீங்க?"

தாரணி தலையை ஆட்டினாள்.

"உள்ளதான் இருக்கா. போர்டிங் பாஸ் இன்னும் குடுக்கல. கவுன்ட்டர்ல அழுது அழுது மூச்சு வாங்க ஆரம்பிச்சிட்டா. உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தோம். அம்மா எங்கன்னு கேட்டேன். அம்மா மசாஜ் பண்ணிக்கிட்டு இருக்காங்க, அவங்க வந்ததும் போலாம்னு சொன்னா. அவ அப்பாவைக் கேட்டா, அம்மா ஊர்ல இருக்காங்கன்னார். ரெண்டும் ஒத்துப் போகல. அதான் எங்க மேனேஜர் கிட்ட கேட்டுட்டு அனுப்பலாம்னு வெச்சிருந்தோம்."

ஒரு சின்ன அறையில் நிலா சிவப்பு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். தாரணியைப் பார்த்ததும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாலகணேஷ் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் முகமாகவும் அது இல்லை. வண்டி தாமதமாகிவிட்டதென்று எரிச்சலில் இருப்பவனைப் போல இருந்தான்.

"ஏன் பாதியில வந்த?" என்றான். "மூணு மணி நேரம் சொல்லியிருந்தேனே."

காவல் நிலையத்திலிருந்து வந்த பெண் உதவி ஆய்வாளர் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். அவனிடம் நிலாவுக்கான விசா இருந்தது. ஆகஸ்ட் மாதம் சேர மஸ்கட்டில் ஒரு பள்ளியில் இடமும் வாங்கியிருந்தான். எல்லாம் ஜனவரியிலேயே எடுத்த காகிதங்கள். உதவி ஆய்வாளர் நிலாவின் பாஸ்போர்ட்டைத் தாரணியிடம் கொடுத்தார். "இதைப் பத்திரமா வெச்சுக்கங்க. ஊருக்குப் போன கையோட கோர்ட்டுக்குப் போங்க. தடை வாங்குற வரைக்கும் அவர் குழந்தையோட அப்பாதான். என்னால அவரைப் பிடிச்சு வைக்க முடியாதும்மா."

அவன் தனியாகவே விமானம் ஏறினான். போவதற்கு முன் நிலாவின் முன்னால் குனிந்து, அவிழ்ந்திருந்த அவள் ஷூ நாடாவைக் கட்டிவிட்டான்.

"அடுத்த தடவை அப்பா கூட்டிட்டுப் போறப்ப அழக் கூடாது. சரியா?"

நிலா சரி என்று தலையாட்டினாள்.

ஜூலையில் குடும்ப நீதிமன்றம், குழந்தையை நாட்டை விட்டுக் கூட்டிப் போகக் கூடாது என்று தடை போட்டது. ஹாஜிரா பீ ராத்திரி பஸ் பிடித்துத் தெற்கே வந்து சாட்சி சொன்னார். ஷண்முகப்ரியா வரவில்லை. ஆனால் அவன் கூப்பிட்ட நேரங்களையும் சொன்ன வார்த்தைகளையும் மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். கடைசியில், நான் உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும், அவர் பேச்சைக் கேட்டேன் என்று தாரணிக்கு ஒரு வரி.

வெள்ளிக்கிழமைகளில் பாலகணேஷ் போன் செய்கிறான். நீதிமன்றம் அனுமதித்த அரை மணி நேரம். நிலாவிடம் ஸ்பீக்கரில் கதை சொல்கிறான், சிரிக்க வைக்கிறான். தாரணியிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வாரம் முடிக்கிற சமயத்தில் சொன்னான்: "டிசம்பர்ல வர்றேன். நிலா ஸ்கூல் லீவு எப்ப ஆரம்பிக்குது?"

தெரியவில்லை என்று சொல்லித் தாரணி போனை வைத்தாள். திங்கட்கிழமை நிலாவின் பள்ளிக்குப் போய், கோர்ட் உத்தரவின் நகலை வகுப்பு டீச்சரிடம் நீட்டினாள்.

"ஏற்கெனவே குடுத்திருக்கீங்களே" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்" என்றாள் தாரணி.