நாலாவது பங்கு

கிடா அசை போடவில்லை. விடிந்ததில் இருந்து பார்க்கிறேன், தாடை ஆடவே இல்லை. பக்ரீத் வாசலில் வந்து நிற்கும்போது இப்படி ஆனால் யாருக்குத்தான் கை கால் ஓடும்?

இந்தக் குர்பானி என் அப்பா பேரில். அவர் போன பிறகு வரும் முதல் பக்ரீத். ஷூ கம்பெனியில் ஓவர்டைம் தைத்து நானே வாங்கிய கிடா இது. நோய்ப்பட்ட ஆட்டைக் குர்பானி கொடுக்கக் கூடாது. இன்னொன்று வாங்க எனக்கு வக்கில்லை.

சமையலறைக்குப் பின்னால் கட்டியிருந்தேன். இடது பக்கம் உப்பிக்கொண்டிருந்தது. தட்டினால் குடத்துத் தண்ணீர் மாதிரித் தளும்பியது. கழிச்சலில் புளித்த நாற்றம். நடுநடுவே பல்லை நறநறவென்று கடித்தது. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து, வழியில் இருந்த வாளியை இரண்டு தடவை உதைத்துவிட்டேன்.

சத்துவாச்சாரியில் இருந்து மாட்டு டாக்டர் டைட்டஸ் பைக்கில் வந்தார். கிடாவின் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"இன்னா போட்டீங்க இதுக்கு?"

"புல்லும் தழையும்தான் டாக்டர்."

"பொய் சொல்லாதீங்கம்மா. இது அரிசி தின்ன வயிறு."

உள்ளே இருந்து என் மாமியார் குரல் வந்தது. "கோதுமை ஒரு கை போட்டேன். கொழுக்கட்டும்னுதான்."

என் கணவர் சமீருல்லா தொண்டையைச் செருமினார். "பிரியாணிக் கடையில மீந்த சோறு கொஞ்சம் கொண்டாந்து வெச்சேன். ஜாஸ்தி இல்ல."

எனக்கு வந்ததே கோபம். அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துக் கிழித்தேன். உங்களுக்கு அறிவு இருக்கா, யாரைக் கேட்டுப் போட்டீங்க என்று நான் கத்தி முடிக்கும்வரை டாக்டர் பொறுமையாக நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து நானும் ஒரு சட்டி சோறு வெச்சேன்" என்றேன்.

மாமியார் கதவுக்கு வெளியே தலையை நீட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். "ஆடு தானா புல்லை செரிக்கறதில்லம்மா. அதோட பெரிய வயித்துல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. அதுங்க புல்லைத் தின்னுதான் ஆட்டுக்கு சோறு போடுது. நீங்க மூணு பேரும் திடீர்னு தானியத்தக் கொட்டினீங்க. அது புளிச்சு அமிலமாயிடுச்சு. அந்த உயிருங்கல்லாம் செத்துட்டு இருக்கு."

"ஊசி போடுங்க."

"போடலாம். ஆனா மருந்து கறியில தங்கும். அந்தக் கறியை நீங்களும் சாப்பிடக் கூடாது, தானமும் பண்ணக் கூடாது. நாளைக் காலை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறமும் அசை போடலன்னா ஊசிதான். எனக்கு உசுரு முக்கியம்."

நாளைக் காலை. ஊசி போட்டால் குர்பானி போச்சு.

"நல்லா இருக்கிற ஆட்டோட வயித்துச் சாறு வேணும்" என்றார். "அதுல இருக்கிற உயிருங்கள இங்க குடியேத்தணும். மட்டன் கடையில அப்பத்தான் அறுத்ததா இருக்கணும். சூடு ஆறக் கூடாது, காத்து படக் கூடாது. ஃபிளாஸ்க் இருக்கா?"

இருந்தது. ரம்ஜானுக்கு வாங்கிய ஸ்டீல் ஃபிளாஸ்க், ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்காதது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். சமீருல்லா வாஹித் பாஷாவின் மட்டன் கடைக்கு ஓடினார். எல்லாரும் கறி கேட்டு வர்றாங்க, நீ சாணி கேட்டு வர்றே என்று பாஷா சிரித்தாராம். ஆனாலும் துணியில் பிழிந்து, கழுத்து வரை நிரப்பித்தான் கொடுத்திருந்தார். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்கப் பச்சை நாற்றம். டாக்டர் குழாய் வைத்து அதைக் கிடாவின் வயிற்றுக்குள் இறக்கினார்.

அன்று எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று மறந்து மறுபடி முதலில் இருந்து தொழுதேன். அப்பாவுக்காக துஆ கேட்கக் கை ஏந்தினால் வாயில் ஆடுதான் வந்தது. காப்பாத்து, காப்பாத்து, அவ்வளவுதான்.

மறுநாள் டாக்டரின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டபோது கிடா ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கழுத்துக்குள் ஒரு உருண்டை மேலே ஏறியது. தாடை இடமும் வலமுமாக அரைக்க ஆரம்பித்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"இனிமே வைக்கோல் மட்டும்தான்" என்றார் டாக்டர். மூன்று பேரும் தலையாட்டினோம்.

குர்பானி பக்ரீத் அன்றேதான் என்று இல்லை, மூன்றாம் நாள் வரை கொடுக்கலாம். அதுவரை காத்திருந்தோம். ஆடு தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, மூன்றாம் நாள் காலையில் வாஹித் பாஷா கத்தியோடு வந்தார். கிடா என்னைப் பார்த்து அசை போட்டது. பிழைக்கணும் பிழைக்கணும் என்று கெஞ்சிய எனக்கு, அது எதற்குப் பிழைத்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"வேணாம்னா சொல்லிடு" என்றார் சமீருல்லா மெதுவாக.

"அப்பா பேரைச் சொல்லியாச்சு. நடக்கட்டுங்க." வேண்டாம் என்றுதான் மனசு முழுக்கச் சொன்னது. கிடாவின் கழுத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெளியே வந்தபோது கறியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. பாஷா இரைப்பையைக் குப்பைப் பையில் கவிழ்க்கப் போனார். அந்த நேரத்தில் பின் தெரு ஜெயபுஷ்பம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு பால் ஆடு.

"அக்கா, ஆடு அசை போடல. நேத்து பிரியாணி தின்னுடுச்சு. உங்க வீட்ல வயித்துச் சாறு கிடைக்குமான்னு கேக்கச் சொன்னாரு டாக்டரு."

"பிரியாணி ஏது?"

ஜெயபுஷ்பம் என் மாமியாரைப் பார்த்தாள்.

"மீந்துச்சு" என்றார் மாமியார். "கொட்ட மனசு வரல."

திட்ட வாய் வரை வந்தது. நேரம் இல்லை. "பாய், நிறுத்துங்க" என்று பாஷாவின் கையில் இருந்து இரைப்பையை வாங்கினேன். ஃபிளாஸ்க்கை வெந்நீரில் அலசி, துணியை விரித்து, என் கையாலேயே பிழிந்தேன். இன்னும் சூடாக இருந்தது. கழுத்து வரை நிரப்பி மூடி, ஜெயபுஷ்பத்தை முந்திக்கொண்டு ஓடினேன்.

தெருவில் யாரோ கேட்டார்கள். "ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு இன்னா ஓட்டம்? டீயா?"

"இல்ல" என்றேன். "எங்கப்பா குடுத்தது."